சொல்யூஷன் ரூமுக்குள் போகமாட்டேன்

எண்பதுகளின் கடைசி வருடங்களில் ராஜபாளையத்தில் பை தைக்கிற ஒரு பட்டறையில் ஒட்டுகிற வேலை பார்த்தேன். பள்ளிக்கூடப் பை, கடைக்காரர்கள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகும் ரெக்சின் பை, உள்ளே அட்டை வைத்த பெண்களுக்கான கைப்பை எல்லாம் அங்கே தயாராகும். மாடியில் மூன்று அறைகள். முதல் அறையில் வெட்டுவார்கள், கடைசி அறையில் தைப்பார்கள். நடு அறையில் நாங்கள் எட்டுப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, ரெக்சினுக்குப் பின்னால் ஃபோமையும் அட்டையையும் ஒட்டிக் கொடுப்போம். அந்த அறைக்கு சொல்யூஷன் ரூம் என்று பெயர்.

சொல்யூஷன் என்றால் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிற சரக்குக்கு அண்ணன் தம்பி. ரப்பரை பெட்ரோல் மாதிரி ஒரு திரவத்தில் கரைத்து டின்னில் அடைத்து அனுப்புவார்கள். தேன் நிறத்தில் நூல் நூலாக இழுபடும். பசை என்ற அளவில் அதை நான் இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் தடவி, செத்த நேரம் விட்டு, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. ரெக்சினோடு ரெக்சின், ரெக்சினோடு தகரம், எதைக் கொடுத்தாலும் பிடிக்கும். மழை பெய்தாலும் பிடிக்கும். காயும் வேகம்தான் அதன் பெருமை.

அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்று நாங்கள் யோசித்ததில்லை. ரப்பரைக் கரைத்து வைத்திருந்த திரவம் காற்றில் பறந்துவிடுவதால்தான் பசை காய்கிறது. பறந்து அது எங்கே போகும்? ஜன்னலைச் சாத்திய அறை என்றால் உள்ளே இருக்கிற எட்டுப் பேருடைய மூக்குக்குள்தான் போகும்.

ஜன்னலைச் சாத்தி வைக்க முதலாளிக்குக் காரணம் இருந்தது. பக்கத்து மில்லிலிருந்து பஞ்சு பறந்து வந்து ஈரப் பசைமேல் உட்கார்ந்துவிடும். மின்விசிறி போட்டால் டின்னுக்குள் சரக்கு ஆடை கட்டிப்போகும். அதனால் காலை ஒன்பது மணியிலிருந்து ஆறு மணிவரை சாத்திய ஜன்னல், ஓடாத விசிறி, திறந்த டின்.

மூன்று மணி வாக்கில் எங்களுக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும். ஒருத்தி தும்மினால் எட்டுப் பேரும் சிரிப்போம். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, பொறவு தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். வெட்டுகிற அறையில் இருந்த ஆண்கள், "சொல்யூஷன் ரூமுல எப்பவும் கலியாண வீடுதான்" என்பார்கள். நாங்களும் அதைச் சந்தோஷம் என்றுதான் நினைத்திருந்தோம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவேன். சாயங்காலம் நான் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். ஒரு நாள் கண்டக்டர், "யாரும்மா பெட்ரோல் கேன் கொண்டு வாரது, எறங்கு" என்று சத்தம் போட்டார். என் கையில் தூக்குச்சட்டி மட்டும்தான் இருந்தது. வாடை என் சேலையிலிருந்தும் தலைமுடியிலிருந்தும் வந்துகொண்டிருந்தது.

என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் மம்சாபுரத்துக்காரி. என்னைவிட நான்கைந்து வயது மூத்தவள், அக்கா என்று கூப்பிடுவேன். மூலை மடிப்பதில் அவள் கைக்கு ஈடு கிடையாது. ஒரு சுருக்கம் விழாது. அவள்தான் முதலில் டம்ளரைக் கீழே போட ஆரம்பித்தாள். டீ வரும், வாங்குவாள், விழும். அதையும் சிரிப்போடு சிரிப்பாக எடுத்துக்கொண்டோம். ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் ரவிக்கையின் மேல்கொக்கி மாட்டாமல் தொங்குவதைப் பார்த்துச் சொன்னேன். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"காலைல என் மகதான்டி மாட்டிவிடுவா. இன்னைக்கு அவ பள்ளிக்கூடத்துக்கு வெரசாப் போயிட்டா. வெரலு சொன்னபடி கேக்க மாட்டேங்கு."

அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அடுத்த மாதம் என் முறை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுவரை நடந்தேன். வாசலில் என் மகள், "எம்மா, ஒரு செருப்ப எங்க?" என்று கேட்டாள். குனிந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று தெரியாது. உள்ளங்காலில் சின்னச் சின்னக் கல் ஒட்டியிருந்தது. சூடு ஆறாத தார் ரோட்டில் அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்திருக்கிறேன், கால் எனக்குச் சொல்லவே இல்லை.

மறுநாள் சம்பளத்தைப் பற்றிக் கவலைப்படாமல் லீவு போட்டுவிட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சத்துக் குறைவு, ரத்தம் இல்லை, ஊசி போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்புவார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். ஒரு குண்டூசியை எடுத்துக் கால் விரலிலிருந்து மேலே மேலே தொட்டுக்கொண்டு வந்தார். கணுக்காலைத் தாண்டிய பிறகுதான் எனக்குக் குத்தியது.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"பை ஒட்டுதேன்."

"எதை வச்சு?"

சொன்னேன். அவர் குனிந்து என் சேலை முந்தானையை மோந்து பார்த்தார். துவைத்த சேலைதான். அப்படியும் வாடை போகவில்லை.

"இந்த வாடைதாம்மா உங்க நரம்பைத் தின்னுது. மாத்திரையால இதுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. அந்தக் காத்தை விட்டு வெளிய வரணும். ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கங்க. நாளைக்கே நீங்க வெளிய வந்தாலும் ரெண்டு மூணு மாசத்துக்கு இது இன்னும் கொஞ்சம் கூடத்தான் செய்யும். பயந்துராதீங்க. அப்புறம் மெல்லக் குறையும்."

என் வீட்டுக்காரருக்குச் சைக்கிள் கடை. கேட்டதும் அவருக்குக் கோபம்தான் வந்தது.

"நான் இருவது வருசமா சொல்யூஷன் வச்சுப் பஞ்சர் ஒட்டுதேன். எனக்கு என்ன ஆச்சு? டாக்டருக்கு என்ன தெரியும்?"

"நீங்க தெருவுல உக்காந்து, விரல் நுனியில ஒரு சொட்டு எடுத்து ஒட்டுதீக. நாங்க எட்டுப் பேரு மூடுன ரூமுல ஒரு நாளைக்கு ஒரு டின்ன காலி பண்ணுதோம். ரெண்டும் ஒண்ணா?"

எழுந்து கடைக்குப் போய்விட்டார். ராத்திரிச் சாப்பாட்டின்போது, "அப்ப வேலைய விட்டுரு" என்றார்.

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். வேலையை விட்டுவிடு. எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கவில்லை. அந்த வேலையை நான் கற்றுக்கொண்டவள், எனக்கு அது நன்றாக வரும். நான் எழுந்து போனால் அந்த இடத்தில் தளவாய்புரத்திலிருந்தோ வத்திராயிருப்பிலிருந்தோ இன்னொருத்தி வந்து உட்காருவாள், அவள் கால் மரத்துப்போகும். போக வேண்டியது அந்த டின். நான் ஏன் போக வேண்டும்?

மறுநாள் வேலைக்குப் போனதும் முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தையல் மெஷினில் உட்கார்ந்து தொழில் ஆரம்பித்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பிடிவாதக்காரர். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொல்லி, ஜன்னலைத் திறக்கச் சொன்னேன்.

"பஞ்சு வந்து ஒட்டிச்சுன்னா சரக்கக் கடைக்காரன் எடுப்பானா? பத்து வருசமா இந்த ரூமு இப்படித்தான இருக்கு. இப்ப ஒனக்கு மட்டும் என்ன?"

"எனக்கு மட்டும் இல்ல மொதலாளி. அக்காவுக்குக் கொக்கி மாட்ட முடியல."

"முடியாதவிய வீட்டுல இருக்கட்டும்."

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். டின்னை எடுத்து அதில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்த ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டி வாசித்து, அர்த்தத்தைத் தமிழில் சொன்னேன். நல்ல காற்றோட்டம் உள்ள இடத்தில் மட்டும் பயன்படுத்தவும், ஆவியைச் சுவாசிக்கக் கூடாது. "இத நான் எழுதல. டின்னு அனுப்புத கம்பெனிக்காரனே எழுதியிருக்கான்" என்றேன்.

"நீ என்ன வக்கீலா?" என்றார்.

நான் என் பலகையையும் பிரஷ்ஷையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்து, மாடிப்படி திரும்புகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே நல்ல காற்று. சொல்யூஷன் பிரஷ்ஷிலேயே காய்ந்து நின்றது. தடவி முடிப்பதற்குள் முதலில் தடவிய ஓரம் காய்ந்துவிடும். சரக்கு வீணாகிறது என்று முதலாளி கத்தினார். நான் ஒட்டிய துண்டுக் கணக்கு குறைந்தது, நாளைக்கு வராதே என்றார். மறுநாளும் போய் அதே இடத்தில் உட்கார்ந்தேன். ஏறி இறங்குகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். முதலாளியும் தாண்டித்தான் போனார்.

இதற்கிடையில் டாக்டரம்மா சொன்னபடியே ஆயிற்று. வெளியே வந்து உட்கார்ந்த பிறகு என் கால் இன்னும் மோசமாயிற்று. மரத்துப்போனது முழங்கால் பக்கம் ஏறியது. படி ஏறும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினேன். முதலாளி அதைக் கவனித்துவிட்டார்.

"பாத்தியா, வெளிய உக்காந்த பொறவுதான் கூடியிருக்கு. அப்ப சொல்யூஷன் எப்படிக் காரணமாகும்? ஒனக்கு வேற ஏதோ வியாதி."

என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். என்னோடு பேசிக்கொண்டிருந்த பெண்களும் ஒவ்வொருத்தியாகத் தயங்க ஆரம்பித்தார்கள். டாக்டரம்மா மட்டும் அந்த ஒரு வார்த்தையை முன்கூட்டியே சொல்லி வைக்காமல் இருந்திருந்தால் நானே என்னை நம்பியிருக்க மாட்டேன். "இப்படித்தான் ஆகும்னு அவிய மொதல்லயே சொல்லிட்டாவ" என்று எல்லோரிடமும் சொன்னேன். யார் நம்பினார்கள் என்று தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் என் நாத்தனார் வேலை பார்த்த பேப்பர் கோன் கம்பெனிக்கு ஒரு சாமான் கொடுக்கப் போனேன். மில்லில் நூல் சுற்றுவதற்குக் கூம்பு மாதிரி அட்டைக் குழல் வேண்டும், அதைச் செய்கிற இடம். பெரிய கொட்டகை, எல்லா ஜன்னலும் திறந்து கிடந்தது. வாளி வாளியாகப் பால் மாதிரி வெள்ளை கம். வேலை முடிந்த பெண்கள் குழாயில் கையை நீட்டினார்கள், பசை தண்ணீரோடு போய்விட்டது. நாங்கள் கை கழுவ மண்ணெண்ணெயும் தவிட்டையும் போட்டுத் தேய்ப்போம்.

"இதுல என்ன கலந்திருக்கு?" என்று கேட்டேன்.

"தண்ணிதான்" என்றாள் நாத்தனார். "காஞ்சா தண்ணி போயிரும். கம்மு நிக்கும்."

அங்கேயே நின்றுவிட்டேன். சொல்யூஷனும் அப்படித்தான், திரவம் போய்விடும், ரப்பர் நிற்கும். ஆனால் இதில் போவது தண்ணீர். அதை மூக்கால் இழுத்தால் யாருக்கும் நரம்பு சாகாது.

தூக்குச்சட்டியில் ஒரு சட்டி வெள்ளை கம் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் சமையல்கட்டுத் தரையில் வைத்துச் சோதித்தேன். ரெக்சினுக்குப் பின்பக்கம் துணிதான், அந்தத் துணி அட்டையோடு ஒட்டியது, இரும்பாக நின்றது. ஃபோமோடு துணி ஒட்டியது. ரெக்சின் முகத்தோடு ரெக்சின் முகத்தை ஒட்டினேன். மறுநாள் காலையில் தொட்டவுடன் வந்துவிட்டது, உள்ளே கம் அப்படியே ஈரமாக இருந்தது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் மாதிரி மூடியிருந்தால் தண்ணீர் போக வழி இல்லை என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு பக்கமாவது துணியோ அட்டையோ இருக்க வேண்டும், தண்ணீரைக் குடிக்க.

அட்டைக்குத் தண்ணீர் அதிகமானால் அது வளைந்துகொள்ளும் என்பதும் தெரிந்தது. மெல்லியதாகத் தடவிப் பாரம் வைத்தால் வளையவில்லை. ஃபோமுக்கு அதைவிட நல்லது ரப்பர் பால் என்று மெத்தைக்கடைக்காரர் ஒருவர் சொன்னார். செங்கோட்டைப் பக்கமிருந்து கேனில் வரும் சரக்கு. திறந்தவுடன் அதில் போட்டிருக்கும் அமோனியா கண்ணைக் கரிக்கும், பின்பு போய்விடும். தடவும்போது வெள்ளையாக இருக்கும், வெள்ளை மறைந்து கண்ணாடி மாதிரி ஆனால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது ஒன்றோடொன்றை வைத்து அழுத்தினால் சொல்யூஷன் மாதிரியே கவ்விக்கொள்ளும்.

இரண்டு வாரம் என் வீடு பசைக் கடையாகக் கிடந்தது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒட்டிய துண்டு ஒன்றை எடுத்து இழுத்துப் பார்த்தார். ஃபோம் கிழிந்தது, பசை விடவில்லை. கீழே வைத்தார். அன்றிலிருந்து வேலையை விடு என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

நான் ஒரு பள்ளிக்கூடப் பையை முழுக்கத் தண்ணீர்ப் பசையில் ஒட்டி, வீட்டில் ஊசியால் தைத்து, முதலாளி மேஜைமேல் கொண்டுபோய் வைத்தேன். பக்கத்தில் பட்டறைப் பை ஒன்றையும் வைத்தேன்.

"ரெண்டுலயும் செங்கல்ல போட்டு மொட்டமாடியில தொங்கவிடுங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாப்போம்."

அவர் சும்மா தொங்கவிடவில்லை. ஒவ்வொரு பையிலும் மூன்று செங்கல், ஐந்து நாள் வெயிலில், கடைசி நாள் இரண்டையும் தண்ணீர்த் தொட்டியில் ஒரு பகல் முழுவதும் முக்கி வைத்தார். வெளியே எடுத்தபோது பட்டறை முழுவதும் கூடி நின்றது. சொல்யூஷன் பை முழுசாக இருந்தது. என் பையில் அடிப்பக்கத்து அட்டை தண்ணீரில் ஊறி, வெள்ளை கம் இளகி, ஒரு ஓரம் பிரிந்து கிடந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் முதலாளி.

முகம் சுட்டது. தோற்றதை மறைக்க முடியாது, கண் முன்னால் தொங்கியது. ஆனால் அந்தப் பையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. அட்டைதான் உள்ளே பிரிந்திருந்ததே தவிர பை பிரியவில்லை. மூன்று செங்கலோடு அப்படியே நின்றது. தையல் அதைப் பிடித்திருந்தது.

"மொதலாளி, பள்ளிக்கூடப் புள்ள பையத் தொட்டியில முக்கியா வச்சிருக்கும்? அத விடுங்க. இந்தப் பையத் தாங்குதது எது, பசையா தையலா?"

"தையல்தான்."

"அப்ப நாங்க ஒட்டுதது எதுக்கு?"

தையல் அறையிலிருந்து வந்து நின்ற மாஸ்டர்தான் சொன்னார், "மெசினுக்குப் போறவரைக்கும் நகராம இருக்கத்தான்."

அதுதான். எட்டுப் பெண்களுடைய நரம்பை உருக்கி ஒட்டிய பசை, அரை நாள் துண்டுகள் நகராமல் இருப்பதற்கு. அதற்கு மேல் எல்லாமே தையல். இவ்வளவு வலுவான பசை அந்தப் பைக்குத் தேவையே இல்லை. கைப்பிடி வைக்கிற இடத்திலும் பூட்டு வைக்கிற இடத்திலும் மட்டும் ரெக்சின்மேல் ரெக்சின் வரும், அங்கே சொல்யூஷன் வேண்டும். மற்ற இடத்தில் வேண்டாம். அதைச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் எல்லோர் முன்னாலும் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

"காய ரெண்டு மணி நேரம் ஆகும். பள்ளிக்கூடம் தொறக்கப்போற சமயத்துல இதெல்லாம் ஆகாது. போய் வேலையப் பாருங்க."

மே மாதம் அது. பட்டறைக்கு உயிர் போகிற அவசரம். மறுநாள் காலையில் நான் போனபோது மாடிப்படியில் எனக்கு முன்னால் மம்சாபுரத்து அக்கா உட்கார்ந்திருந்தாள். அவளால் அப்போது வேலை செய்யவே முடியவில்லை, சும்மா உட்கார வந்திருந்தாள். அவளுக்குக் கீழ்ப்படியில் இன்னும் நான்கு பேர். உள்ளே போனவர்கள் இரண்டே பேர், பத்து மணிக்கு அவர்களும் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

முதலாளி வந்து படியின் அடியில் நின்றார்.

"என்ன இது?"

நான் எழுந்து நின்றேன். கால் தடுமாறியதால் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"நாங்க வேலைய நிறுத்தல மொதலாளி. ஒட்டுததுக்கு எல்லாரும் இருக்கோம். சொல்யூஷன் ரூமுக்குள்ள மட்டும் போகமாட்டோம்."

"அந்த ரூமுல ஒண்ணும் கெடையாது. வீம்பு."

"அப்ப நீங்க ஒரு நா உள்ள உக்காருங்க. சன்னலச் சாத்திட்டு, டின்னத் தொறந்து வச்சுக்கிட்டு. சாயங்காலம் வெளிய வந்து ஒண்ணுமில்லன்னு சொன்னீகன்னா நான் போறேன், திரும்பி வரவே மாட்டேன்."

நான் கோபத்தில் சொன்னது. அவர் உட்காருவார் என்று நினைக்கவில்லை. ஆனால் பிடிவாதக்காரர். மேலே ஏறிப் போய் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் பழைய வேலைக்காரர், கை மறக்கவில்லை. அடுக்கடுக்காக ஒட்டி முடித்த துண்டுகளைக் கதவைத் திறந்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார். பதினொரு மணி டீயை உள்ளேயே வாங்கிக் குடித்தார். கீழ்வீட்டிலிருந்து அவர் மனைவி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டு நேரம் தாண்டிக் கதவு திறந்தது. கண் ரெண்டும் சிவந்து நீர் வழிந்தது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனைவி தெலுங்கில், "ஏமாயிந்தி?" என்று கேட்டார், என்ன ஆச்சு என்று. "ஏமீ லேது" என்று சொன்னார், ஒன்றுமில்லை என்று. சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, நான் இறங்குவது போலவே இறங்கினார். நாங்கள் ஒதுங்கி வழிவிட்டோம். யாரும் சிரிக்கவில்லை. கடைசிப் படியில் நின்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார்.

"சன்னலத் தொறங்க. பொறவு பேசுவோம்."

பேச்சு மூன்று நாள் நடந்தது. ஜன்னலுக்குக் கொசுவலைத் துணி அடிக்கச் சொன்னோம், பஞ்சு அதில் நின்றுவிடும். விசிறி போட்டோம், தண்ணீர்ப் பசைக்கு விசிறி நல்லது. அட்டைக்கு வெள்ளை கம், ஃபோமுக்கு ரப்பர் பால். இரண்டு மணி நேரம் காய்வதுதான் பெரிய சண்டையாக இருந்தது. வேலையின் வரிசையை மாற்றினோம். காலையில் எல்லோரும் ஒட்டுவது, ஒட்டிய துண்டை மொட்டைமாடியில் நிழல் பந்தலுக்கடியில் கம்பியில் காயப்போடுவது, மதியத்துக்குமேல் தையல். ராஜபாளையத்து மே மாத வெயிலில் இரண்டு மணி நேரம் என்றது அரை மணி நேரமாயிற்று. அந்த வெயிலை அதுவரை வைதுகொண்டுதான் இருந்தோம். கைப்பிடிக்கும் பூட்டுக்கும் மட்டும் சொல்யூஷன், மூடி போட்ட சின்ன டப்பாவில், மாடியில் காற்றாட உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்துச் செய்தோம்.

தண்ணீர்ப் பசையில் ஒரு சௌகரியம் வேலை பார்க்கப் பார்க்கத்தான் தெரிந்தது. சொல்யூஷனில் கோணலாக வைத்துவிட்டால் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். இதில் நகர்த்தி நேராக்கிக்கொள்ளலாம், புதிதாக வந்தவளும் பயமில்லாமல் செய்வாள். கெடுதலும் இருந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டபோது துண்டுகள் காயாமல் கிடந்தன. திறந்துவைத்த கம்மில் பூஞ்சை பூத்து, ஒரு அடுக்குப் பைக்கு உள்பக்கம் கருப்புப் புள்ளி விழுந்தது. முதலாளி அந்தத் துண்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டார்.

"இதுக்கு என்ன சொல்லுத?"

"மழைக்குப் பூத்திருக்கு. துண்டுதான போச்சு, ஆளு போகலல்ல" என்றேன். பொறவு அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாளியில் எடுத்துக்கொண்டோம், துண்டுகளை விசிறிக்குக் கீழே தொங்கவிட்டோம். அந்த மழைக்காலத்தைத் தட்டுத்தடுமாறித்தான் கடந்தோம். ஆனால் யாரும் பழைய மாதிரி ஜன்னலைச் சாத்தவில்லை.

என் காலுக்குத் தை மாதத்தில்தான் உணர்ச்சி திரும்ப ஆரம்பித்தது. முதலில் ராத்திரி எறும்பு ஊர்கிற மாதிரி, பிறகு எரிச்சல். எரிச்சல் வந்தபோது டாக்டரம்மாவிடம் ஓடினேன். "வலிக்குதுன்னா உயிர் வருதுன்னு அர்த்தம்" என்றார். ஒரு வருடம் ஆயிற்று, குளிர்ந்த சிமெண்டுத் தரை குளிர்கிறது என்று தெரிய.

தொண்ணூறுகள் ஆரம்பித்தபோது சொல்யூஷன் கம்பெனியின் விற்பனைக்காரர் மதுரையிலிருந்து வந்தார். வழக்கமாக எடுக்கிற சரக்கில் கால்வாசிகூட எடுக்கவில்லையே என்று கேட்டார். முதலாளி மேஜைக்குப் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"நாந்தான் ஒரு யோசன பண்ணி மாத்துனேன். வேலைக்காரிக ஒடம்பையும் பாக்கணும்ல?"

நான் ஜன்னலோரம் அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைத்தேன்.

"இல்ல மொதலாளி. நீங்க வராதன்னு சொன்னீக, நாங்க படியில உக்காந்தோம். அதச் சொல்லுங்க."

விற்பனைக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். முதலாளி செத்த நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "சரி, அவிய யோசனதான்" என்றார். "சின்ன டின் ரெண்டு மட்டும் எழுதிக்கங்க."

அவர் என்னை அவிய என்று மரியாதையாகச் சொன்னது அதுவே முதல் தடவை. எனக்கு அது போதவில்லை. விற்பனைக்காரர் இருக்கும்போதே கேட்டேன்.

"மம்சாபுரத்து அக்காவுக்கு என்ன செய்யப்போறீக?"

அவள் அப்போது ஒன்றரை வருடமாக வீட்டில் இருந்தாள். நடை திரும்பிவிட்டது. விரல் முழுசாகத் திரும்பவில்லை. ஊசியில் நூல் கோக்க முடியாது, மூலை மடிக்க முடியாது. அதற்கு யாரும் ஒரு பதிலும் சொல்லவில்லை, சட்டப்படி என்ன கேட்கலாம் என்று எங்களுக்குச் சொல்லித்தரவும் ஆள் இல்லை.

"ஒட்ட முடியாதே" என்றார் முதலாளி.

"ஒட்ட வேண்டாம். தச்சு முடிச்ச பையப் பாத்துக் கழிக்க ஒரு ஆளு வேணும்ல. அவ கண்ணுக்குத் தப்பாது. வெரலு போனது ஒங்க ரூமுல."

விற்பனைக்காரர் தன் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். சாயங்காலம் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது முதலாளி படிக்கட்டில் நிறுத்தி, "திங்கக்கெழம வரச் சொல்லு" என்றார்.

வந்தாள். தைத்த பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே கையை விட்டு, மூலைகளைத் தடவிப் பார்ப்பாள். விரல் நுனியில் உணர்ச்சி குறைவு என்பதால் உள்ளங்கையால் தடவுவாள். கோணலாக ஒன்று அகப்பட்டால் யார் தைத்தது என்று கேட்காமல் எடுத்துத் தூரப் போட்டுவிடுவாள். முதலாளி மகனே ஒரு தடவை, "இது போகட்டும்க்கா, பரவால்ல" என்று கெஞ்சினான். "ஏலே, நான் கழிச்சா கழிச்சதுதான்" என்றாள். மாஸ்டர்கூட அவளிடம் வாதாட மாட்டார்.

அவளுடைய விரல்களுக்காக முதலாளியை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அதை அவரிடமே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.